121 தோல்விகளுக்குப் பிறகு: அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பாலில் ஓர் அணியை மீண்டும் கட்டுவது எப்படி

2024ஆம் ஆண்டில் சிகாகோ வைட் சாக்ஸ் என்னும் அமெரிக்கப் பேஸ்பால் அணி ஆடிய 162 ஆட்டங்களில் 41இல் மட்டுமே வென்று 121இல் தோற்றது. 1900ஆம் ஆண்டுக்குப் பிந்தைய மேஜர் லீக் (அங்குள்ள முதல்நிலைத் தொழில்முறை லீக்) வரலாற்றில் வேறெந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை தோல்விகளைக் கண்டதில்லை. ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால் 26’ என்னும் கணினி விளையாட்டு 2025 பருவத்தின் தொடக்கத்திலிருந்து ஆடத் தருவதால், அதில் வைட் சாக்ஸைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இடிபாடுகளுக்கு நடுவே பொது மேலாளராகப் பொறுப்பேற்கிறார். இது மட்டையையோ பந்தையோ கையில் எடுத்து ஆடும் விளையாட்டு அன்று. ஒப்பந்தம், வீரர் பரிமாற்றம், டிராஃப்ட் (புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது), பயிற்சி, ஆடும் வரிசை ஆகியவற்றை நாம் முடிவு செய்ய, ஆட்டங்களைக் கணினி நடத்திக் காட்டும்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே பெயர் பெற்ற சில மூத்த வீரர்களை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். அணி 70 ஆட்டங்களை வெல்கிறது; உரிமையாளர் சற்று மகிழ்கிறார்; மூன்றாம் ஆண்டில் அந்த வீரர்களுக்கு வயதாகிவிடுகிறது, கையில் பணமும் இருப்பதில்லை, இளைஞர்களும் இருப்பதில்லை. இதைத் தவிர்க்க ஒரே ஒரு முடிவைத் தொடக்கத்திலேயே எடுத்தாக வேண்டும்: நாம் வெல்ல விரும்பும் ஆண்டு எது? அதைக் குறித்துக்கொண்டபின் ஒவ்வொரு வீரரைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி, அவர் நல்லவரா என்பதன்று. அந்த ஆண்டில் அவர் நம்மிடம் இருப்பாரா, இருந்தால் என்ன வயதில், என்ன சம்பளத்தில் இருப்பார் என்பதுதான்.

தொடங்கும் முன்

அமைப்புகளில் அதிகம் கைவைக்க வேண்டாம். ஆனால் மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, வீரர்களின் திறன் மதிப்பீட்டை 20 முதல் 80 வரையிலான அளவுகோலுக்கு மாற்றுங்கள். உண்மையான ஸ்கவுட்டுகள் (வீரர்களின் திறனைக் கணிப்பவர்கள்) பயன்படுத்துவது அதுதான். 50 என்பது மேஜர் லீகின் சராசரி. இரண்டாவது, பரிமாற்றத்தின் கடினத்தைச் சராசரிக்குக் குறையாமல் வையுங்கள். எளிதாக்கினால் மற்ற அணிகள் தங்கள் நல்ல இளைஞர்களை அள்ளிக் கொடுத்துவிடும், அப்போது மறுகட்டமைப்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மூன்றாவது, ஸ்கவுட்டுகளின் கணிப்பில் பிழை நேரும் வசதியை அணைத்துவிடாதீர்கள். எல்லாமே துல்லியமாகத் தெரிந்துவிட்டால் இந்த விளையாட்டின் பாதிச் சுவை போய்விடும்.

ஆண்டைக் குறித்தல்

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மேஜர் லீகின் ஒப்பந்த முறை புதிதாக இருக்கும். இங்கே அணிகளைக் கலைத்துப் போடும் பெரிய ஏலம் கிடையாது. ஒரு வீரர் மேஜர் லீக் பட்டியலில் 172 நாள்கள் இருந்தால் அது ஓராண்டுப் பணிக்காலமாகக் கணக்காகும். அப்படி ஆறு ஆண்டுகள் நிறையும்வரை அவர் தாமாக வேறு அணிக்குப் போக முடியாது. முதல் மூன்று ஆண்டுகளில் அவருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகையே கிடைக்கும்; 2025இல் அது 7,60,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டுகளில் நடுவர் முறையின் வழியாக (அணியும் வீரரும் உடன்படாவிட்டால் நடுவர் குழு தொகையைத் தீர்மானிக்கும்) சம்பளம் படிப்படியாக உயரும். அதற்குப் பிறகுதான் திறந்த சந்தை. எனவே பணம் குறைந்த அணி வெல்ல வேண்டுமானால், அதன் நல்ல வீரர்களில் பலர் ஒரே நேரத்தில் இந்த ஆறு ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும். மறுகட்டமைப்பு என்பதன் கணக்கு அடிப்படையில் இவ்வளவுதான்.

வைட் சாக்ஸுக்கு நான் 2028ஐக் குறிப்பேன். இடக்கையால் பந்து வீசும் பிட்சர்களான நோவா ஷுல்ட்ஸும் ஹேகன் ஸ்மித்தும், உள்களத்தின் கடினமான இடமான ஷார்ட்ஸ்டாப்பில் ஆடும் கோல்சன் மாண்ட்கோமரியும், பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் கைல் டீலும், வெளிக்கள வீரர் பிரேடன் மாண்ட்கோமரியும் 2025 தொடக்கத்தில் மைனர் லீகில் (மேஜர் லீகுக்குக் கீழுள்ள படிகள்) இருக்கிறார்கள். அவர்கள் 2025, 2026 ஆண்டுகளில் மேலே வந்தால் 2028இல் மூன்றாவது அல்லது நான்காவது ஆண்டில் இருப்பார்கள்: அனுபவம் வந்திருக்கும், சம்பளம் பெரிதாக ஏறியிருக்காது.

இப்போது பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். வெளிக்களத்தின் நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர் லூயிஸ் ராபர்ட் ஜூனியரின் ஒப்பந்தம் 2025இல் 1.5 கோடி டாலருடன் முடிகிறது. அதன் பிறகு 2026, 2027 ஆகிய ஈராண்டுகளுக்கும் ஆண்டுக்கு 2 கோடி டாலர் வீதம் அணி விரும்பினால் நீட்டிக்கலாம். 2028இல் அவர் எந்த வகையிலும் நம்மிடம் இல்லை. அணியிலேயே அதிகத் திறமை உள்ளவர் என்றாலும் அவர் விற்கப்பட வேண்டியவர். ஐந்து ஆண்டுகளுக்கு 7.5 கோடி டாலருக்கு ஒப்பந்தமான ஆண்ட்ரூ பெனின்டெண்டியும் 2027வரைதான். அவரை வாங்க எவரும் ஓடி வரமாட்டார்கள் என்பதால், சம்பளத்தில் ஒரு பகுதியை நாமே ஏற்றுக்கொண்டு அனுப்புவது அல்லது ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்துக்கொள்வது என்ற இரண்டு வழிகளே உண்டு. பொறுத்துக்கொள்வதில் தவறில்லை. தோற்கப் போகும் பருவங்களிலும் யாரேனும் இடது களத்தில் நின்றுதானே ஆக வேண்டும்.

மதிப்பீடுகளைப் படித்தல்

விற்பதற்கு முன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீரருக்கும் இன்றைய திறன், வருங்காலத்தில் எட்டக்கூடிய திறன் என இரண்டு அடுக்கு எண்கள் உண்டு. பேட்டர்களுக்குப் பந்தைத் தொடும் திறன், வலிமை, பந்தைப் பார்த்து விடும் பொறுமை, ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழப்பது) ஆகாமல் தப்பும் திறன் முதலியவையும், பிட்சர்களுக்குப் பந்தின் வீரியம், அசைவு, கட்டுப்பாடு ஆகியவையும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன. புதியவர்கள் நட்சத்திரக் குறியை மட்டும் பார்த்து முடிவெடுப்பது வழக்கம். அது தொகுத்த எண். எதனால் அந்த எண் வந்தது என்பதை அது சொல்லாது.

உங்கள் ஸ்கவுட்டின் கணிப்புக்கு அருகிலேயே ஓஎஸ்ஏ என்னும் பொதுக் கணிப்பையும் விளையாட்டு காட்டும். இரண்டும் ஒத்துப்போனால் ஓரளவு நம்பலாம். நம் ஸ்கவுட் ஒருவரை 70 என்றும் பொதுக் கணிப்பு 50 என்றும் சொன்னால், இரண்டுக்கும் நடுவே உண்மை இருப்பதாக எடுத்துக்கொண்டு அதற்குரிய விலையை மட்டுமே கொடுங்கள். 17 வயது இளைஞரைப் பற்றிய கணிப்பு, ஐந்தாண்டு மேஜர் லீகில் ஆடியவரைப் பற்றிய கணிப்பைவிடப் பன்மடங்கு தளர்வானது என்பதையும் மறக்க வேண்டாம்.

எண்களுக்குப் பின்னால் குணமும் உண்டு. உழைப்பு, அறிவு, தலைமைப் பண்பு, விசுவாசம், பேராசை என்று விளையாட்டு ஒவ்வொருவருக்கும் குணங்களை வைத்திருக்கிறது. சம திறனுள்ள இருவரில் உழைப்பு அதிகமுள்ளவரை எடுங்கள். காயத்துக்கு எளிதில் ஆளாகக்கூடியவர் என்ற குறிப்பு இருந்தால், குறிப்பாகப் பிட்சர்களிடத்தில், அதைச் சிறு எழுத்து என்று தள்ளிவிடாதீர்கள்.

விற்பது

மறுகட்டமைப்பின் பெரும்பகுதி இதுதான். இங்கே அவசரப்படுபவர்களே அதிகம் இழக்கிறார்கள்.

வீரரின் விலை பருவத்தைப் பொறுத்து மாறுகிறது. ஜூலை இறுதியில் பரிமாற்றக் கெடு வரும்போது, பருவத்துக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுக்குப் போகும் வாய்ப்புள்ள அணிகளுக்கு ஓர் இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தை நிரப்ப அவை கூடுதல் விலை கொடுக்கும். 2016 ஜூலையில் சிகாகோ கப்ஸ் அணி, சில மாதங்களே ஒப்பந்தம் மீதமிருந்த ரிலீவர் (ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சர்) அரோல்டிஸ் சாப்மனுக்காகக் கிளேபர் டோரஸ் என்னும் தலைசிறந்த இளைஞரை உள்ளிட்ட நால்வரை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. கப்ஸ் அந்த ஆண்டு கோப்பையை வென்றதால் அவர்களுக்கு வருத்தமில்லை. ஆனால் விற்பவராக நாம் கவனிக்க வேண்டியது யாங்கீஸின் பக்கம். தோற்கும் அணிக்கு நல்ல ரிலீவர் ஓர் ஆடம்பரம். அவரை ஜூலையில் விற்றுவிடுங்கள்.

நட்சத்திர வீரருக்கோ வேறு கணக்கு. அவருக்கு எத்தனை ஆண்டு மீதமிருக்கிறதோ அத்தனைக்கும் வாங்குபவர் விலை கொடுப்பார் என்பதால், காத்திருக்கும் ஒவ்வொரு பருவத்திலும் அந்த விலை தேய்கிறது. வைட் சாக்ஸ் 2024 டிசம்பரில் பிட்சர் காரெட் குரோஷேவை பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு அனுப்பியபோது அவருக்கு இன்னும் இரண்டு பருவங்கள் மீதமிருந்தன. பதிலுக்கு டீல், பிரேடன் மாண்ட்கோமரி, சேஸ் மைட்ராத், விக்கல்மன் கொன்சாலஸ் என நால்வர் கிடைத்தனர். விளையாட்டில் ராபர்ட்டையும் இதே பார்வையில்தான் விற்க வேண்டும். அவர் பருவத்தை மோசமாகத் தொடங்கினால் மட்டும் சில வாரம் பொறுங்கள். நல்ல ஒரு மாதம் வந்தவுடன் எல்லா அணிகளிடமும் விலை கேட்டுவிடுங்கள்.

விலை கேட்பதற்கு விளையாட்டிலேயே ஒரு வசதி உண்டு: வீரரைச் சந்தையில் காட்டினால், எந்த அணி எவரைத் தரத் தயார் என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலை இறுதி விலையாகக் கொள்ள வேண்டாம், அது பேச்சின் தொடக்கம்தான். அந்த அணியின் மைனர் லீக் பட்டியலைத் திறந்து, நமக்குப் பிடித்த ஒருவரை மாற்றிக் கேளுங்கள். ‘எதைச் சேர்த்தால் ஒப்புக்கொள்வீர்கள்’ என்று கேட்கும் பொத்தானும் இருக்கிறது. பெரும்பாலும் இடைவெளி நாம் அஞ்சியதைவிடச் சிறியதாக இருக்கும். வீரரின் சம்பளத்தில் ஒரு பகுதியை நாமே ஏற்பதாகச் சொன்னால் பதிலாக வரும் இளைஞரின் தரம் உயரும். வெல்லப் போகாத இரண்டு ஆண்டுகளில் பணத்தை இளைஞராக மாற்றிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நால்வர் வருகிறார்கள் என்று மயங்க வேண்டாம். மேஜர் லீகில் 45 என்ற அளவில் நின்றுவிடும் நால்வர், 60ஐ எட்டக்கூடிய ஒருவருக்கு ஈடாகமாட்டார்கள். அத்தகைய 45களை வேவர்ஸில் (மற்ற அணிகள் கைவிடும் வீரர்களின் பட்டியல்) இலவசமாகவே எடுக்கலாம்.

இனி, விற்க எவருமே இல்லாத நிலை வந்தால் என்ன செய்வது? விற்பதற்கென்றே வாங்கலாம். கப்ஸ் அணி 2013 பருவத்துக்காக ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற சாதாரண பிட்சரை ஓராண்டு ஒப்பந்தத்தில் 60 லட்சம் டாலருக்கு எடுத்தது. அவர் பாதிப் பருவம் நன்றாக வீசியதும், ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு அனுப்பி ஜேக் அரியெட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ரோப்பையும் பெற்றது. அரியெட்டா 2015இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார். பருவத்துக்கு முன்பு சந்தையில் மிஞ்சியிருக்கும் மூத்த பிட்சர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு ஜூலைக்காகக் காத்திருங்கள். அவர்களில் பாதிப்பேர் சொதப்புவார்கள். ஓராண்டுதான் என்பதால் அது ஒரு பொருட்டன்று.

டிராஃப்ட்

கல்லூரி, உயர்நிலைப் பள்ளி வீரர்களை அணிகள் ஜூலையில் 20 சுற்றுகளில் தேர்ந்தெடுக்கின்றன. முன்பெல்லாம் மிக மோசமாகத் தோற்றவருக்கு முதல் தேர்வு நிச்சயம். இப்போது முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முடிவு செய்கிறது. மிக மோசமான மூன்று அணிகளுக்கும் தலா 16.5 சதவீத வாய்ப்புதான். அதிலும் பெருநகர அணி ஒன்று அடுத்தடுத்த ஆண்டுகளில் குலுக்கல் இடத்தைப் பெற முடியாது என்ற விதியால், 121 தோல்விகளுக்குப் பிறகும் வைட் சாக்ஸுக்கு 2025இல் கிடைத்தது பத்தாவது இடம். ஆகவே வேண்டுமென்றே தோற்பதால் ஆகப் போவது அதிகமில்லை.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸின் கதையைத் தோற்பதே வழி என்பதற்குச் சான்றாகக் காட்டுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். அந்த அணி 2011, 2012, 2013 ஆண்டுகளில் முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்று 2017இல் கோப்பையை வென்றது உண்மை. ஆனால் 2013இல் முதல் தேர்வாக எடுத்த பிட்சர் மார்க் அப்பல் ஹூஸ்டனுக்காக ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. அதற்கு முந்தைய ஆண்டின் முதல் தேர்வான கார்லோஸ் கொரேயா ஷார்ட்ஸ்டாப்பின் தூணானார். கொரேயா அந்த இடத்துக்குரிய தொகையைவிடக் குறைவாக 48 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டதால் மிஞ்சிய பணத்தைக் கொண்டு, 41ஆவது தேர்வான லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஜூனியரையும் வசப்படுத்த முடிந்தது.

விளையாட்டிலும் ஒவ்வொருவரும் கேட்கும் கையெழுத்துத் தொகை தெரியும். அதிகம் கேட்பதாலேயே பிந்தைய சுற்றுகளுக்கு நழுவும் நல்ல பள்ளி வீரர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக நிதியில் சற்று ஒதுக்கி வையுங்கள். முதல் சுற்றில் இருவர் சமமாகத் தோன்றினால் பிட்சரை விட்டுப் பேட்டரை எடுப்பது என் வழக்கம், ஏனெனில் பிட்சரின் முழங்கை எப்போது என்ன ஆகும் என்று எவராலும் சொல்ல முடியாது. ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்ட், கேட்சர் ஆகிய இடங்களில் ஆடக்கூடியவருக்கு முன்னுரிமை கொடுங்கள். அவர்களை எளிய இடங்களுக்கு மாற்றலாம். ஃபர்ஸ்ட் பேஸில் நிற்பவரை ஷார்ட்ஸ்டாப்பாக்க முடியாது. டொமினிகன் குடியரசு, வெனிசுவேலா முதலிய நாடுகளின் 16 வயது இளைஞர்களை ஜனவரியில் ஒப்பந்தம் செய்யும் வாய்ப்பும் உண்டு. அவர்கள் 2028க்குள் வரமாட்டார்கள். ஆனால் 2027இல் பரிமாற்றத்துக்குக் கொடுக்க உதவுவார்கள்.

வளர்ப்பது

வைட் சாக்ஸின் இளைஞர்கள் கன்னாபொலிஸ், வின்ஸ்டன்-சேலம், பர்மிங்ஹாம், சார்லட் என்று படியேறி வருகிறார்கள். (கூடைப்பந்தை விட்டு வந்த மைக்கேல் ஜோர்டன் 1994இல் ஆடியது இந்த பர்மிங்ஹாம் அணிக்காகத்தான், அவரது பேட்டிங் சராசரி .202, அதாவது ஏறத்தாழ ஐந்து முயற்சிகளுக்கு ஒரு ஹிட், என்பதைப் பார்த்தால், மூன்றாம் படியான டபுள்-ஏ எவ்வளவு கடினம் என்று விளங்கும்.) ஒரு படியில் தெளிவாக மேலோங்கி நிற்பவரை மட்டும் அடுத்த படிக்கு அனுப்புங்கள். தானாகவே நடக்கட்டும் என்று கணினியிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகவே செய்யும். ஆனால் முதல் பத்து இளைஞர்களை மட்டும் நாமே மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரே இடத்துக்கான இரண்டு நல்லவர்கள் ஒரே அணியில் அமர்ந்து பாதி ஆட்டங்களைப் பங்கிட்டுக்கொள்வதுதான் நான் அடிக்கடி காணும் வீணடிப்பு.

வீரர் வளர்ச்சிக்கும் ஸ்கவுட்டுகளுக்குமான நிதியை முதல் நாளே உயர்த்துங்கள். திறந்த சந்தையில் ஒரு நடுத்தர வீரருக்குக் கொடுக்கும் தொகை, இந்த இரண்டிலும் பல ஆண்டுகளுக்குப் பலன் தரும்.

புதியவர்களைத் தடுமாற வைப்பது 40 பேர் பட்டியல். ஆடத் தகுதியுள்ள 26 பேரும் அதற்குள் அடக்கம். 18 வயதில் அல்லது அதற்கு முன் ஒப்பந்தமானவரை ஐந்து பருவங்களுக்குப் பிறகும், 19 வயதில் அல்லது அதற்குப் பின் ஒப்பந்தமானவரை நான்கு பருவங்களுக்குப் பிறகும் இந்தப் பட்டியலில் சேர்க்காவிட்டால், டிசம்பரில் நடக்கும் ரூல் 5 டிராஃப்டில் வேறோர் அணி 1,00,000 டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொள்ளலாம். எனவே நவம்பரிலேயே விளையாட்டை நிறுத்தி, யாரெல்லாம் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். எடுப்பவராகவும் இருங்கள். எடுத்தவரை அடுத்த பருவம் முழுக்க மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வெல்லும் அணிக்கு அது சுமை, தோற்கும் அணிக்கு அது பொருட்டேயில்லை. வைட் சாக்ஸ் 2024 டிசம்பரில் மில்வாக்கியிடமிருந்து இப்படி எடுத்த பிட்சர் ஷேன் ஸ்மித், 2025இல் பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஸ்டார் அணியில் இடம்பெற்றார்.

திசை திரும்பும் பருவம்

உரிமையாளர் தரும் இலக்குகளைத் தொடக்கத்திலேயே படித்து, எளிதானவற்றை நிறைவேற்றிவிடுங்கள். வேலை போய்விட்டால் 2028 வராது. முதல் இரண்டு பருவங்களின் வெற்றி எண்ணிக்கையைவிட, அடித்த ரன்களுக்கும் விட்டுக்கொடுத்த ரன்களுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். ஏறத்தாழ பத்து ரன்களுக்கு ஒரு வெற்றி என்பது பொதுவான கணக்கு. 75 ஆட்டங்களை வென்ற அணியின் ரன் வேறுபாடு பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் அது உண்மையில் 81 வெற்றிக்குரிய அணி. விற்பதை அங்கே நிறுத்த வேண்டும். மாற்றம் பெரும்பாலும் நாம் எதிர்பார்ப்பதைவிட விரைவாகவே வரும்: பால்டிமோர் 2021இல் 110 ஆட்டங்களில் தோற்றது, 2022இல் 83 ஆட்டங்களை வென்றது, 2023இல் 101 ஆட்டங்களை வென்றது.

அந்த நிலையில் முதலில் வாங்க வேண்டியது புதிய வீரரை அன்று, நம்மிடம் இருப்பவர்களின் அடுத்த சில ஆண்டுகளை. நடுவர் முறைக்குள் நுழையும் முன்பே சிறந்த இருவர் மூவருக்கு நீண்ட ஒப்பந்தம் கொடுங்கள். அதன் இறுதியில் அணி விரும்பினால் நீட்டிக்கும் ஆண்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். ராபர்ட்டின் ஒப்பந்தமே அப்படி எழுதப்பட்டதுதான். 2020 ஜனவரியில், மேஜர் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாத நிலையில், ஆறு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலருக்கு அவர் கையெழுத்திட்டார். பேராசை என்ற குணம் குறைவாகவும் விசுவாசம் அதிகமாகவும் உள்ளவர்களிடம் முதலில் பேசுங்கள், அவர்கள்தான் குறைந்த தொகைக்கு இணங்குவார்கள்.

அதன் பிறகும் நிரம்பாமல் இருக்கும் இடங்களுக்கு மட்டும் வெளியே போங்கள். 2027 நவம்பரில் பெனின்டெண்டியின் சம்பளம் கணக்கிலிருந்து இறங்கும். ராபர்ட் எப்போதோ போயிருப்பார். இளைஞர்களுக்கு இன்னும் பெரிய தொகை தேவைப்படாது. ஆண்டுக்கு இரண்டு கோடி டாலர் கேட்கும் முதல்தரப் பிட்சர் ஒருவரை நான்கு ஆண்டுகளுக்கு எடுக்க இடம் இருக்கும். அந்த ஒருவரை எடுத்துவிட்டு, எஞ்சிய பணத்தை அடுத்த ஜூலைக் கெடுவுக்காக வைத்துக்கொள்ளுங்கள். ரிலீவர் ஒருவருக்குக் கூடுதல் விலை கொடுக்கும் முறை அப்போது நம்முடையது.